எதிரிக் கப்பலைப் பிடித்த ஹைரம்

உலகக் கடற்போர் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க வெற்றி ஒன்றை எங்கள் வடக்குப் படை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டாம் குளிர்காலத்தில், வர்ஜீனியாவின் உட்பகுதி ஆறு ஒன்றின் கரையில் பெற்றது. கடல் அங்கிருந்து வெகுதூரம் என்பது ஒரு பொருட்டே அல்ல.

வெற்றிவீரன் ஹைரம் சாதாரண சிப்பாய். போருக்கு வந்த நாளாக அவன் குறி தவறாமல் சுட்டது ஒரே ஒரு உயிரை. அதுவும் எங்கள் முகாமின் கோவேறு கழுதை. இதை அவனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்கு ஆற்றங்கரைக் காவல். எதிர்க்கரையில் தெற்குப் படையின் லெமுவல். இங்கே காப்பித்தூள் உண்டு, புகையிலை இல்லை, அங்கே நேர்மாறு. ஆகவே இருவரும் ஒரு முழப் பலகைக்குப் பாய் கட்டிப் படகாக்கி, சரக்கேற்றி அங்குமிங்கும் விட்டுப் 'பகைமை' வளர்த்து வந்தார்கள். எதிரியோடு பண்டமாற்று குற்றம்; பிடிபட்டால் வண்டிச் சக்கரத்தில் கட்டிப்போடுவார்கள்.

அன்று காலை லெமுவல் கத்தினான்.

"யோவ் வடக்கத்தியான்! என்கிட்ட இருந்த புகையிலை மொத்தமும் வருது. காப்பித்தூளை நல்லா அழுத்தி அடைச்சு அனுப்பு. கருக்கின சோளத்தைக் குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு!"

"அனுப்புறேன்யா, என்னை நம்பு!"

படகு கரை தொட்டதும் முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. கர்னல் பிளிம்ப்டன்.

"அது என்னப்பா?"

ஹைரமின் கண்முன் சக்கரம் சுழன்றது. "எதிரிக் கப்பல், கர்னல் ஐயா! பிடிச்சுட்டேன்!"

கர்னல் குனிந்து கப்பலை நெடுநேரம் ஆராய்ந்தார்.

"மாலுமிகள்?"

"தண்ணியில குதிச்சு ஓடிட்டாங்க ஐயா."

"கோழைப் பசங்க!" புகையிலையைச் 'சான்றுப் பொருளாக'க் கைப்பற்றிய கர்னல், அதன் உண்மைத்தன்மையை அங்கேயே பற்றவைத்துச் சோதித்தார்.

மதியம், வென்ற களத்திலேயே அணிவகுப்பு. பேண்டு வாத்தியம் முழங்க ஹைரம் கார்ப்பரல் ஆனான். சட்டைக் கையில் இரண்டு பட்டை ஏறியது. லெமுவலுக்கான காப்பித்தூள் பொட்டலம் கோட்டுக்குள் நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. அனுப்ப வழியில்லை. கப்பலுக்கு இப்போது துப்பாக்கியோடு இரண்டு பேர் காவல்.

வாத்தியம் ஓய்ந்த நேரம் அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"ஹைரம்! என் காப்பி எங்கய்யா? திருட்டுப் பயலே!"

"என்ன சொல்றான் அவன்?" என்றார் கர்னல்.

ஹைரம் வாயைத் திறந்தான். பட்டையைப் பார்த்தான். "என்னைத் திருடன்னு சொல்றான் ஐயா."

"எதிரி வாயில என்னிக்கு உண்மை வந்திருக்கு, கார்ப்பரல்?" என்ற கர்னல், எதிரியின் புகையை ஆற அமர வானத்தை நோக்கி விட்டார். படை முழுவதும் கைதட்டியது. ஹைரமும் தட்டினான்.

இக்கரையில் அத்தனை ஆயிரம் பேர் நின்றிருந்தோம். அவனை உள்ளபடி அறிந்தவன் மட்டும் அக்கரையில் இருந்தான்.