அரைச் சுற்று

அன்று மூன்றாவது முறையாக மின்சாரம் போனபோது, ஏசி மெக்கானிக் தோளில் கேஸ் சிலிண்டரோடு தன் வீட்டு மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். மேலே, மொட்டை மாடிக்குக் கீழே இருந்த அறையில் அவருடைய அப்பா வெந்துகொண்டிருந்தார்.

தெருவே அவரை "ஐஸ்" என்றுதான் கூப்பிடும். ஊரில் பாதி வீட்டைக் குளிர வைத்த கை. சொந்த வீட்டில் மட்டும் முனகுகிற மின்விசிறி ஒன்று. பெரியவரின் இதயம் இந்த வெயிலைத் தாங்காது, அறையைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகுதான், யாரோ கழித்துப்போட்ட ஏசியைத் தூக்கி வந்து மாட்டினார்.

வந்தது வினை. அதன் வெளிப்பெட்டி கக்கிய அனல் நேராக எதிர்வீட்டு அக்காவின் சமையலறைக்குள் போனது. அக்கா சண்டைக்கு வரவில்லை. அவரிடமே ஓர் ஏசி வாங்கினார். அதன் அனல் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்தது. அவருக்கும் ஒன்று மாட்டியாயிற்று. ஒரே மாதத்தில் கட்டடத்து மின்சாரம் பாரம் தாங்காமல் படுத்துக்கொண்டது. விளக்குக்கும் விசிறிக்குமாவது ஆகட்டும் என்று எல்லோரும் சேர்ந்து கீழே டீசல் ஜெனரேட்டர் வைத்தார்கள். அதன் புகை அப்பாவின் ஜன்னல் வழியாக ஏறியது, ஜன்னலை அடைத்தார்கள். ஐஸுக்கு வியாபாரம் என்னவோ அமோகம்தான்.

போதாக்குறைக்கு, அப்பாவின் ஏசியில் கேஸ் குறைந்துகொண்டே வந்தது. காரணம் அவருக்குத் தெரியும். குழாய் நட்டை முடுக்கும்போது கடைசி அரைச் சுற்றை அவர் கை போடாது. பதினைந்து வருடப் பழக்கம். அரைச் சுற்று பாக்கி இருந்தால் கேஸ் மெல்ல நழுவும், அடுத்த கோடையில் போன் வரும், வீட்டில் உலை கொதிக்கும். ஊரார் வீடு, சொந்த வீடு என்றெல்லாம் அந்தக் கை பார்க்கவில்லை.

ஒருமுறை கம்பெனி நடத்திய வகுப்பில் ஓர் அம்மா இதைப் பற்றித்தான் பேசினார். "நீங்க வெளியே விடுற கேஸ் எங்கேயும் மறைஞ்சு போறதில்லை. மேலே போய் பூமியோட சூட்டை வெளியேற விடாம பிடிச்சு வெச்சுக்குது. இதுல ஒரு கிலோ, ரெண்டாயிரம் கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அடுத்தடுத்த கோடை இன்னும் மோசமா வரும்."

"வரட்டுமே, அப்பதானே நம்மளைக் கூப்பிடுவாங்க" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டு, ஐஸ் அந்தக் குளுகுளு அறையில் நன்றாகத் தூங்கினார்.

இப்போது மின்சாரம் வந்ததும் கேஸை நிரப்பினார். இனி வம்பே வேண்டாம் என்று, பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அந்த அரைச் சுற்றையும் போட்டார். பழைய நட்டு, விரிசல் விட்டது. நிரப்பிய கேஸ் மொத்தமும் உஸ்ஸென்று வானத்துக்குப் போனது.

"மூச்சு முட்டுதுடா" என்றார் அப்பா. குரலில் கோபமில்லை. ஐஸுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மனைவி தலைப்பக்கம் பிடிக்க, அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி டாக்ஸியில் ஏற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே இதய வார்டு எப்போதும் சில்லென்று இருக்கும். அவருக்குத் தெரியாதா, வருடா வருடம் அந்த மெஷின்களுக்கு கேஸ் நிரப்புகிறவரே அவர்தானே.

வழியெல்லாம் போன் அலறியது. இந்த வெயிலில் ஊரிலுள்ள ஏசியெல்லாம் ஒன்றாகப் படுத்துவிட்டன போலிருக்கிறது. அப்பாவின் தலை மடியில் துவண்டு கிடந்தது. பத்தாவது அழைப்பை எடுத்து, யாரென்றுகூடக் கேட்காமல் இரண்டு வார்த்தை கத்திவிட்டு, போனையே அணைத்தார்.

வார்டுக் கதவைத் தள்ளியதும் அனல் முகத்தில் அறைந்தது. திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள். பன்னிரண்டு கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் விசிறிக்கொண்டு ஓர் உறவுக்காரர். சுவரில் ஏசி சத்தமில்லாமல் தொங்கியது.

அப்பாவைப் படுக்க வைத்தார்கள். "ஏம்மா, ஏசி என்னாச்சு?" என்று ஐஸ் கேட்டார்.

வார்டு ஆயா ஓர் எக்ஸ்ரே உறையை எடுத்து, விசிறிக்கொள்ளச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

"மெக்கானிக்குக்கு போன் பண்ணிட்டோம் அண்ணே. அவங்க அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், இன்னைக்கு வர முடியாதாம்."