ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவரவும்

என் மதிப்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டியவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் உங்கள் மருமகனும், இரண்டே பேர். அங்கே உங்கள் இரத்தக் கொதிப்பும் அக்காவின் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் உங்களுக்குக் காது கேட்காது, இரண்டு பேரும் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் டயர் கடை வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்த வீட்டில் இருக்கிற டிரம், கிடார்கள், கீபோர்டு, ட்ரம்பெட், இன்னும் எனக்குப் பேர் தெரியாத ஊதல்கள், உரசல்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விடுங்கள். "வித்துடலாம்பா, வாசிக்கிறவங்க யாராவது வாங்கட்டும்" என்று உங்கள் மருமகனே சொல்லிவிட்டான். முன்பின் தெரியாத ஒருவன் வந்து, தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி விலை பேசுவதை என்னால் நின்று பார்க்க முடியாது. உங்கள் குடோனில் டயர்களுக்கு நடுவே கிடக்கட்டும். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டைக்கூட நானே சரிபார்த்து வைத்துவிட்டேன். ஆயுசெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் வீட்டு லிஃப்ட் பாதி நாள் ஓடாது என்று நீங்கள் கேலி செய்வீர்களே, இப்போது ஜம்மென்று ஓடுகிறது. டிரம் இறங்க வேண்டுமே.

ஆரம்பித்து வைத்தவர் நீங்கள், முடித்து வைப்பதும் நீங்களாகவே இருக்கட்டும். பத்தாவது பாஸானதற்கு அவன் சைக்கிள் கேட்டான். கடைக்குக் கூட்டிப் போன நீங்கள் கிடாரும் கையுமாகத் திரும்பி வந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "சைக்கிள் கடை பூட்டியிருந்துச்சு மாப்ளே, பக்கத்துக் கடை திறந்திருந்துச்சு" என்றீர்கள். அந்தச் சைக்கிள் கடைக்காரன் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தான் என்று நான் யோசிக்காத நாள் கிடையாது. கிடாரோடு நின்றிருந்தால்கூடத் தேவலை. நண்பர்களோடு சேர்ந்து ராக் குழு ஆரம்பித்தான். நாலு ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான். டிரம் அடிக்கிறவன் நினைத்தால் வருவான், நினைக்காவிட்டால் வரமாட்டான் என்று இவனே டிரம் கற்றுக்கொண்டான். தடித்த கம்பிக் கிடார் வாசித்தவனுக்குக் கல்யாணம் ஆனது, இவனே அதையும் கற்றுக்கொண்டான். ட்ரம்பெட்காரன் வெளிநாடு போனான், போகும்போது ட்ரம்பெட்டை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். ஒவ்வொருத்தனாகப் போகப் போக வீட்டில் சாமான் கூடியது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவன் அடித்ததில் கீழ்வீட்டுக்காரரே வீடு மாற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பையன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால் எனக்கு வேர்த்துவிடும். "பாட்டு" என்பேன். "சினிமாவுலயா?" என்பார்கள். இல்லை. "கச்சேரியா?" அதுவும் இல்லை. இண்டி ராக் என்றால் என்னடா என்று அவனிடமே கேட்டேன். "யாரும் செய்யச் சொல்லாம நாமளே செஞ்சுக்கிறதுப்பா" என்றான். அதைக் கேட்டு உங்கள் தங்கை, "அப்படின்னா இந்த வீட்ல நான்தான்டா ரொம்ப நாளா இண்டி" என்றாள்.

அவள் சொன்னது ஒருவகையில் நிஜம்தான். அவன் வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். டிரம் படுக்கையறையில். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தை. பதிவு செய்கிற கம்ப்யூட்டரின் விசிறி இரைகிறது என்று அதைச் சமையலறையில் வைத்திருந்தான். ஆக, இங்கே உட்கார்ந்து வாசிக்க ஒருவர், அங்கே நின்று பொத்தானை அழுத்த ஒருவர் வேண்டும். அழுத்தியது உங்கள் தங்கை. அடுப்பைத் தணித்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணுநாலு" என்று கத்துவாள். அவன் டிரம்மை ஆரம்பிப்பான். முடிந்ததும் அதே பாட்டுக்குக் கிடார், மறுபடி "ஒண்ணு, ரெண்டு, மூணுநாலு". பிறகு கீபோர்டு. ஐந்து ஆள் வாசிக்கிற மாதிரி அவன் ஒருத்தனே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான். கடைசியில் அவள் குரலை மட்டும் வெட்டி எடுத்துவிடுவான்.

அவள் எண்ணுகிற அழகு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூணுக்கும் நாலுக்கும் நடுவே மூச்சே விடமாட்டாள். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போதும் இப்படித்தான் எண்ணி, நீங்கள் ஒளிவதற்குள் திரும்பிவிடுவாள் என்று நீங்களே எத்தனை முறை புகார் சொல்லியிருக்கிறீர்கள். இவனும் அந்த எண்ணிக்கைக்கே பழகிப்போனான். அவனுடைய முதல் ஆல்பத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார்கள் அல்லவா, ஒவ்வொரு பாட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவதுபோல் தொடங்குகிறது, புதிய உத்தி என்று? உத்தியுமில்லை ஒன்றுமில்லை. அவளுக்கு அடுப்பில் பால் பொங்குகிற அவசரம்.

அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் பெரிய அரங்கத்தில் கூப்பிட்டார்கள். மேடையில் ஐந்து வாத்தியத்தை ஒருத்தன் வாசிக்க முடியாதே என்று நாலு பேரைச் சம்பளத்துக்குப் பிடித்தான். நானும் அவளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முதல் பாட்டிலேயே பிசகு. அவர்கள் படித்த பிள்ளைகள், நாலு வரை ஒழுங்காக எண்ணிவிட்டு ஆரம்பித்தார்கள். இவன் அதற்குள் பாட்டுக்குள் போய்விட்டான். இரண்டாவது பாட்டும் அப்படியே. இவன் கிடாரோடு ஓடிப்போய் டிரம்காரன் குச்சியைப் பிடுங்கிக் காட்டுகிறான், கீபோர்டுக்காரன் விரலைத் தள்ளிவிட்டு இவன் வாசிக்கிறான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கீபோர்டுக்காரன் மைக்கிலேயே சொல்லிவிட்டு இறங்கிப் போனான். பின்னாலேயே மற்றவர்களும். கடைசியில் இவன் ஒருத்தன், காலால் டிரம்மை உதைத்துக்கொண்டு, கையில் கிடாரோடு, வாயில் ட்ரம்பெட்டோடு. ஜனங்கள் அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். நிற்கவில்லை.

அந்த இருமல்தான், மச்சான். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்களும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்தானே. அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை.

அவள் போன பிறகு அவன் எதையும் தொடவில்லை. இரண்டாவது ஆல்பம் பாதியில் நிற்கிறது. ஒரு பாட்டில், திரும்ப அடிக்கலாம் என்று அவன் அழித்த டிரம் மட்டும் இல்லை, மற்ற எல்லாம் இருக்கிறது. காலால் அழுத்துகிற பொத்தான் கடையில் கிடைக்குமாமே, வாங்கிக்கொள்ளேன்டா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சரி, பெற்றவன் நான் எதற்கு இருக்கிறேன் என்று ஒருநாள் நானே சமையலறையில் போய் நின்று எண்ணினேன். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." உள்ளேயிருந்து, "அப்பா, நாலுக்கு முன்னாடி எதுக்கு நிக்கிறீங்க?" என்றான். "கதவு மூடிடுச்சான்னு பாக்குறேன்டா" என்றேன். லிஃப்ட்காரன் புத்தி, கதவு மூடாமல் பொத்தானை அழுத்தமாட்டேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டான். இன்னொரு நாள் அந்த டிரம் மிதி கிறீச்சென்று கத்துகிறதே என்று நல்ல எண்ணத்தில் எண்ணெய் போட்டேன். அந்தக் கிறீச்சு அவனுடைய எல்லாப் பாட்டிலும் இருக்கிறதாம், கேட்கிறவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்குமாம். கோபப்படுவான் என்று பயந்தேன். "பரவால்லப்பா" என்றான். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது ஒரு கம்பெனியின் போன் சேவையில் உட்கார்ந்திருக்கிறான். கோபமாகப் பேசுகிறவர்களை, "கொஞ்சம் காத்திருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவானாம், அவர்களுக்குப் பாட்டு கேட்குமாம். அது என்ன பாட்டு என்று கேட்டேன். "பாட்டு இல்லப்பா, சத்தம்" என்றான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறான். இந்த வீட்டில் ஒரு நாளாவது சத்தமில்லாமல் தூங்க மாட்டோமா என்று வருஷக்கணக்காக ஏங்கியவன் நான். இப்போது அவ்வளவு அமைதி, மச்சான். குழாய் சொட்டுவது கேட்கிறது. எனக்கு இது வேண்டாம். வாசிக்கவும் மாட்டான், கண்ணெதிரே துணி போர்த்தி வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்துக் கரையவும் செய்வான் என்றால், இருப்பதைவிட இல்லாமல் போவது மேல். ஆகவே வண்டியும், கட்டக் கயிறும், தூக்க இரண்டு ஆளும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். மாத்திரையை வேளைக்குப் போடச் சொன்னதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நீடூழி வாழட்டும். அவர்களில் யாருக்காவது சைக்கிள் வாங்கப் போனால், கடை பூட்டியிருந்தால் நேரே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி வேண்டாம். கயிறும் ஆளும் வேண்டாம். தபாலில் போடப் போகுமுன் டிரம்மைக் கழற்றி வைக்கலாமே என்று போய் உட்கார்ந்தேன். எதையும் பிரிப்பதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என் தொழில் பழக்கம், அதனால் குச்சியை எடுத்து அடித்துப் பார்த்தேன். இன்று அவனுக்கு லீவு, சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தான். "அப்பா, அப்படி இல்ல" என்று குரல் வந்தது. மறுபடி அடித்தேன். "அப்பா, போதும்பா." எனக்கும் வீம்பு வந்துவிட்டது, இன்னும் பலமாக அடித்தேன். அப்புறம், "சரி, நான் சொல்றப்போ ஆரம்பிங்க" என்றவன், "ஒண்ணு, ரெண்டு, மூணுநாலு" என்றான். வேண்டுமென்றே சொன்ன மாதிரி தெரியவில்லை, அவனுக்கு வேறு மாதிரி எண்ணத் தெரியாது. என் கை தானாக விழுந்தது, மச்சான், விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அறை வாசலில் வந்து நின்று, "எப்படிப்பா சரியா வந்தீங்க?" என்றான். "கல்யாணமான நாள்லேர்ந்து அவ அவசரத்துக்கு ஓடினவன்டா நான்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். பொத்தானை அழுத்திவிட்டுத்தான் வந்திருக்கிறான், அதுவும் பதிவாகிவிட்டது. டீ கருகிவிட்டது.

மீதி டிரம்மை அவனே வாசித்துக்கொள்வான், தொடக்கம் மட்டும் என்னுடையது. அந்தப் பாட்டின் முடிவில் நாலைந்து பேர் கைதட்ட வேண்டுமாம், அவன் எண்ணித் தொடங்கி வைப்பானாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அக்காவும் வெறுங்கையோடு பஸ் ஏறி வாருங்கள். காது கேட்காவிட்டால் பரவாயில்லை, அவன் உதட்டைப் பார்த்தால் போதும். நாலு வரும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தங்கை எப்படி எண்ணுவாள் என்று உங்களுக்குத் தெரியும்.