சிக்கரி கூடிப்போன காப்பி

வள்ளித்தாயோடு இன்றைக்குச் சண்டை போட்டே ஆவது என்று விடிந்ததும் விடியாததுமாகக் குற்றாலிங்கம் முடிவெடுத்தார்.

லேசான முடிவு இல்லை, பாத்துக்கிடுங்க. கல்யாணமான நாளில் இருந்து அவர் சண்டையில் ஜெயித்ததே கிடையாது. ஆரம்பிப்பது அவர். முடித்து வைப்பது வள்ளித்தாய். கடைசியில் மன்னிப்புக் கேட்பது மறுபடியும் அவர். ஆனாலும் இன்றைக்கு விட முடியாது. ஒரே வீட்டுக்குள் ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்க்காத அளவுக்குப் பெரிய சண்டையாக வரணும்.

காரணம், அவருடைய மூக்கு.

அந்த மூக்கைப் பற்றிச் சொல்லியே ஆகணும். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அவர் மேனேஜர். கீழே கவுண்டரில் உட்கார்ந்தபடியே, "மாடியில மூணாம் நம்பர்ல எவனோ பீடி குடிக்கான், போய்ச் சொல்லு" என்பார். போய்ப் பார்த்தால் பீடிதான். எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவன் வாசலைக் கடந்தால் போதும், தேய்த்தது நல்லெண்ணெயா பாமாயிலா என்று சொல்லிவிடுவார். காப்பி விஷயத்தில் கேட்கவே வேண்டாம். தென்காசியில் அவர் வீட்டு அடுக்களையில் டிகாஷன் இறங்கும்போதே கூடத்தில் இருந்து தீர்ப்பு வந்துவிடும். "பொடி பழசு." "பால்ல தண்ணி." "சிக்கரி கூடிப்போச்சு." நல்ல காப்பி என்று அவர் வாயால் வள்ளித்தாய் ஒரு நாளும் கேட்டது கிடையாது.

அப்பேர்ப்பட்ட மூக்கு அன்றைக்குக் காலையில் செத்துக் கிடந்தது. சோப்புப் போட்டுக் குளித்தார், வாசம் இல்லை. தைலப் புட்டியைத் திறந்து மோந்தார், இல்லை. சாமி படத்துக்கு முன்னால் இருந்த சூடக்கட்டியை மூக்குக்குள் நுழைக்காத குறையாக வைத்து இழுத்தார். சுண்ணாம்பை மோந்த மாதிரி இருந்தது.

கொரோனா ரெண்டாம் தடவையாக ஊருக்குள் வந்த வருஷம் அது. வாசம் போனால் என்ன அர்த்தம் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அடுத்த வீட்டு ஸ்டான்லிக்கும் முதலில் போனது வாசம்தான். மீன்குழம்பு ஏன் மணக்கவே இல்லை என்று பொண்டாட்டி சுகிர்தத்தைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த மனுஷன், அப்புறம் ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிப் போனார். தன் காலால்தான் ஏறினார். கையைக்கூட ஆட்டினார். திரும்பி வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்று, பிளாஸ்டிக்கில் சுற்றின ஒரு பொட்டணத்தைத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்தாள் சுகிர்தம். அதுதான் ஸ்டான்லி என்று நாலு பேர் சொன்னார்கள், அவளும் நம்பினாள்.

குற்றாலிங்கத்துக்குத் தன் உசிரைப் பற்றிப் பயம் இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வள்ளித்தாய்க்குச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களைத்தான் இந்தச் சனியன் தேடிப் பிடிக்கிறது என்று டிவியில் சொன்னார்கள். அவளிடம் சொன்னால் தள்ளி நிற்பாளா? முன்னே அவருக்கு டைபாய்டு வந்தபோது ராத்திரியெல்லாம் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தவள். போ என்றால் போகிற ஜென்மம் இல்லை அது. ஆக, அவளாகக் கோவித்துக்கொண்டு தள்ளி இருந்தால்தான் உண்டு.

காப்பி வந்தது. ஒரே மடக்கில் பாதியைக் குடித்தார். வெந்நீர் மாதிரி இறங்கியது. டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு ரெண்டு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"என்னட்டி காப்பி இது?"

"ஏன், என்ன செஞ்சு?"

"சிக்கரி கூடிப்போச்சு. மனுசன் குடிப்பானா இதை?"

வள்ளித்தாய் டம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் டம்ளரைப் பார்த்தாள்.

"சிக்கரியா?"

"சிக்கரியேதான். தூக்கி அடிக்கி. தெருமுனைல நிக்கவனுக்கே தெரியும்."

"நல்லா மோந்து பாத்துதான் சொல்லுதீங்களா?"

"என் மூக்கையே சந்தேகப்படுதியா? ஐந்தருவில இருந்து புளியறை வரைக்கும் கேட்டுப் பாரு என் மூக்கைப் பத்தி!"

அவள் முகம் சுருங்கிப்போனது. குற்றாலிங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனார்.

"இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். மாடி ரூம்லதான் படுப்பேன். சோத்தைப் படிக்கட்டுல வச்சிட்டுப் போயிரு. பக்கத்துல வந்தியோ, தெரியும் சேதி!"

இப்போது அவள் ஒன்பது வார்த்தை பேசி இவரை ஒன்றுமில்லாமல் ஆக்கணும். அதுதான் வழக்கம். ஆனால் அவள் முந்தானையை இழுத்து மூக்கோடு வாயைப் பொத்திக்கொண்டாள். "போங்க" என்றாள். "நானும் பக்கத்துல வர மாட்டேன். கதவைச் சாத்திக்கிட்டுப் படுங்க."

அவ்வளவுதான். ஜெயித்துவிட்டார். படியேறும்போது முழங்கால் ரெண்டும் தனித்தனியாக வலித்தது. ஜெயித்த சந்தோஷத்தில் அதைப் பெரிசு பண்ணவில்லை.

சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. கூடவே இருமல். இருமல் கீழே கேட்டால் குட்டு வெளிப்பட்டுப் போகுமே என்று தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினார். அதே நேரம் கீழே இருந்தும் இருமல் சத்தம் வந்தது. ஆகா, அடுக்களையில் ஏதோ தாளிக்கிறாள் போலுக்கு! கடவுள் கொடுத்த சான்ஸ்.

"ஏட்டி, வத்தல் வறுக்கியா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

கீழே இருமல் அடங்கியது. அப்புறம், "ஆமா, வத்தல்தான் வறுக்கேன்" என்று கம்மின குரலில் வந்தது.

"நெடி இங்கன வரைக்கும் வருது! எனக்கும் இருமல் வந்துட்டு பாரு!"

"வரும் வரும். கமறத்தான் செய்யும்."

அன்றையில் இருந்து மேலே இவர் இருமினாலும் வத்தல், கீழே அவள் இருமினாலும் வத்தல். ஒரு கல்யாணத்துக்கு வறுக்கிற வத்தலை அந்த வீட்டில் வறுத்தார்கள் என்றால் பாத்துக்கிடுங்க.

ஒரு நாள் சோற்றோடு மாத்திரையும், விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மிஷினும் வந்தது. "தெரு முழுக்க ஆளுக்கு ஒண்ணு குடுக்காங்க. சுகாதாரத்துல வேலை பாக்காள்லா மாஜிதா, அவதான் வந்தா. மிஷின்ல என்ன நம்பர்னு சத்தமாச் சொல்லணுமாம்" என்றாள் வள்ளித்தாய். நமக்கு எப்படியெல்லாம் அமையுது பாரு என்று குற்றாலிங்கம் மாத்திரையை விழுங்கினார்.

"தொண்ணூத்தேழு! உனக்கு எவ்வளவு?"

"எனக்கும் அதான்."

அவருக்கு நிம்மதியாக இருந்தது. தன் சண்டையால் ஒரு உசிர் பிழைத்திருக்கிறது. ராத்திரி ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம், நான் போனாலும் இவ இருப்பா, பட்டாளத்தில் இருக்கிற மகன் ஆதித்தன் லீவில் வந்தால் சோறு போட ஆள் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துவிட்டு அழுவார். ஸ்டான்லி கையை ஆட்டினது கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்புறம் ஒரு நாள் கீழே சத்தமே இல்லை. இருமல் இல்லை, பாத்திரம் உருளவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. இன்னும் கோவம் ஆறலியா என்று நினைத்தார். ஆனால் பொழுது சாய்கிற நேரம் படியில் சாப்பாட்டு வாளி இருந்தது. திறந்தால் கஞ்சி. வெறும் கஞ்சி இல்லை, புதினா, மல்லி, கறித்துண்டெல்லாம் போட்ட கஞ்சி. வாயில் வைத்தால் ஒன்றும் தெரியவில்லைதான். ஆனாலும் பொண்டாட்டி சமாதானத்துக்கு வருகிற நேரத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டாமா?

"வள்ளி! என்ன இருந்தாலும் உன் கைமணம் தனிதான்! தெருவே மணக்கு!"

அதற்கும் பதில் இல்லை. திமிரு பிடிச்சவ என்று சொல்லிவிட்டு வாளியை வழித்துக் குடித்தார்.

காய்ச்சல் ஒருவழியாக விட்டது. சாரல் காற்று மேற்கே இருந்து வர ஆரம்பித்த ஒரு காலையில், முகத்துக்கு நேரே பயங்கரமான ஒரு நாத்தம் அடித்தது. தலையணை! இத்தனை நாள் வேர்வையும் தைலமும் ஊறின தலையணை! குற்றாலிங்கம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். என்ன அருமையான நாத்தம்!

கிடுகிடுவென்று கீழே இறங்கினார். வள்ளித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடந்தது. என் மேல உள்ள கோவத்துல ஒழுங்காச் சாப்பிடல என்று அவருக்குத் தோன்றியது.

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மூக்கு போனது, சண்டை போட்டது, எல்லாம். "உனக்குச் சர்க்கரைன்னுதாண்டி அப்படிச் செஞ்சேன். உசிரோட இருக்கேல்லா, அது போதும்" என்று முடித்துவிட்டு, அவள் அழுது கையைப் பிடிப்பாள் என்று கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டியும் வைத்தார்.

வள்ளித்தாய் கேட்டாள். "உங்களுக்கு வாசம் என்னைக்குப் போச்சு?"

"சொன்னேன்லா, சண்டை போட்ட அன்னைக்குக் காலைல."

"எனக்கு முந்தின நாள் சாயங்காலமே போயிட்டு. சாம்பிராணி போட்டேன். பொகை வருது, வாசம் வரல."

நீட்டின கையை மடக்க மறந்து குற்றாலிங்கம் அவளையே பார்த்தார்.

"சொன்னா நீங்க என்ன செய்வீங்க? பக்கத்துலயே உக்காந்து, எனக்கு முன்னால நீங்க செத்துருவீங்க. உங்களை வெரட்ட எனக்குத் தெரிஞ்சது ஒரே வழிதான். காப்பி டம்ளர்ல டீயை ஊத்திக் குடுத்தேன்."

"டீயா?"

"டீயேதான். குடிச்சதும் வீடு ரெண்டாகும், கோவிச்சுக்கிட்டு மாடிக்குப் போயிருவீங்கன்னு பாத்தேன். நீங்க டீயைக் குடிச்சிட்டுச் சிக்கரி கூடிப்போச்சுன்னீங்க. சரி, இவுகளுக்கும் வந்துட்டுன்னு மாஜிதாவுக்குப் போன் போட்டேன்."

"அப்ப அந்த மாத்திரை? தெரு முழுக்கக் குடுத்தது?"

"நம்ம வீட்டுக்கு மட்டுந்தான்."

"வத்தல்?"

"வத்தல் வீட்ல இல்லவே இல்ல. கடையெல்லாம் அடைச்சிருந்தான்லா."

குற்றாலிங்கம் மெல்லக் கேட்டார். "அந்தக் கஞ்சி... அன்னைக்குச் சத்தமே இல்லியே."

"அது நோன்புக் கஞ்சி. மாஜிதா அம்மா சைதூன் பீவி குடுத்து விட்டாக, மாஜிதாதான் கொண்டாந்து படியில வச்சா. அன்னைக்கு எனக்கு மிஷின்ல நம்பர் எறங்கிட்டு. ஆஸ்பத்திரில பெட் இல்லன்னுட்டான். குப்புறப் படுக்கச் சொன்னா மாஜிதா. அப்படியே கெடந்தேன். இன்னைக்கோட சரின்னுதான் நெனச்சேன். அப்பதான் மேல இருந்து நீங்க, உன் கைமணம் தனிதான்னு கத்துதீங்க. சிரிப்பு வந்துட்டு. சிரிச்சா மூச்சு முட்டுது."

குற்றாலிங்கம் குலுங்கிக் குலுங்கி அழுதார். தலைக்கு மேலே அவர் கஞ்சியை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, கீழே இவள் குப்புறக் கிடந்து மூச்சை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளைத் திமிரு பிடிச்சவ என்றாரே!

"கிறுக்கி! நீ செத்துப் போயிருந்தா நான் என்னட்டி பண்ணியிருப்பேன்?"

"டீயைக் குடிச்சிட்டுக் காப்பின்னு சொல்லிக்கிட்டுக் கெடந்திருப்பீங்க" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள். நீட்டின கையை இவர்தான் கொண்டுபோய் அவள் கையைப் பிடிக்கும்படி ஆனது.

"உனக்கு வாசம் வந்துட்டா?"

"எங்க! உங்களுக்கு வந்துட்டு. எனக்கு எப்ப வருமோ, வராமலே போயிருமோ. காப்பிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியல. இனிமே உங்களுக்கு நல்ல காப்பி எப்படிப் போட்டுத் தர முடியும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குற்றாலிங்கம் விருட்டென்று எழுந்தார். "நீ அடுக்களைப் பக்கமே வராத. இனிமே காலைக் காப்பி என் பொறுப்பு" என்று சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினார்.

சொன்ன சொல் தவறவில்லை. சாரல் சீசன் போச்சு, தீபாவளி போச்சு, பொங்கல் வந்தது. கொரோனாவுக்கு அடைத்திருந்த அருவியைத் திறந்துவிட்டார்கள், லாட்ஜில் கூட்டம் நிரம்பியது. ஆனாலும் விடியுமுன் எழுந்து பால் காய்ச்சி, டிகாஷன் இறக்கி, கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஒண்ணும் தெரியல" என்று பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு அவரை நாள் முழுக்க உலுக்கும்.

ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, லாட்ஜில் இருந்து வந்த போனில் பேசிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. "ஏங்க, அடுப்பை அணைங்க! பால் அடிபிடிக்கு. தீஞ்ச வாடை இங்கன வரைக்கும் வருது!"

ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். அணைத்த பிறகுதான் உறைத்தது. கரண்டியோடு கட்டிலுக்கு வந்தார்.

"ஏட்டி, உனக்கு வாசம் என்னைக்கு வந்திச்சு?"

வள்ளித்தாய் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நீங்க மொத மொதக் காப்பி போட்டீங்கல்லா, அன்னைக்கேதான். சிக்கரி கூடிப்போச்சு."