நீங்கள் எந்த நிறம், மதாம்?

வாயைத் திறந்து நான் கெட்ட இடங்களை எழுதப் போனால் ஒரு கொப்பி போதாது. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றில் எல்லாம் வெட்கப்பட்டது நான் ஒருவன்தான். இதில் வேறொருவர் நொந்துபோனார். அதனால் இது பகிடியா, பாவசங்கீர்த்தனமா என்று எனக்கே இன்னும் தெளிவில்லை.

எங்களுடைய ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு யாழ்ப்பாணத்தார் மெட்ரோவில் சந்தித்தால், அடுத்த ஸ்ரேசன் வருவதற்குள் "நீங்கள் எவ்விடம்?" என்ற கேள்வி வந்துவிடும். ஊர்ப்பெயரைச் சொன்னால் ஆளை விடமாட்டோம். "அங்கை எந்தப் பக்கம்? கோயிலுக்கு வடக்கையோ தெற்கையோ? ஆற்றை மகன்?" என்று நூல் பிடித்துக்கொண்டே போவோம். வடக்கு, தெற்கு என்பதெல்லாம் திசை அறிவதற்கல்ல. எதிரே நிற்பவர் என்ன சாதி, எங்கே வைத்துப் பழகலாம் என்பதை வாய்விட்டுக் கேட்காமல் பிடித்துக்கொள்ளும் கெட்டித்தனம் அது. எனக்கு அதில் நல்ல தேர்ச்சி. (வேறு எதிலும் இருக்கவில்லை என்று அக்கா சொல்லுவா.)

இரண்டாயிரங்களின் தொடக்கம். எனக்கு இருபத்தொன்பது வயது. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில், அக்கா வீட்டு பேஸ்மன்றில் இருந்தேன். மனைவி சுகி கொழும்பில் ஓர் அறையில் இருந்தாள். கலியாணம் கட்டி நாலு மாதத்தில் அவளை விட்டுவிட்டு வந்தவன் நான். ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிரெஞ்சு வகுப்பில் தேறிய பத்திரத்தைக் கொண்டுவா என்றார்கள். வேலை கிடைத்தால்தான் சுகியைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். பத்திரம் வேண்டுமென்றால் கடைசி வாய்மொழிப் பரீட்சையில் பாஸ் பண்ண வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், சுகி வருவதும் வராததும் என் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. பாவம், அது அவளுக்குத் தெரியாது.

எங்கள் ஆசிரியை மதாம் ஒடெத். ருவாண்டாக்காரி. நாற்பது வயதிருக்கும். நெட்டையான பெண்மணி. எங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். முதல் நாள் உலகப் படத்தை விரித்து, ஆப்பிரிக்காவின் நடுவில் ஒரு விரல்நுனி அளவு இடத்தைத் தொட்டு, "இது என் நாடு, குன்றுகள் நிறைந்த நாடு" என்றார். உடனே படத்தைச் சுருட்டிவிட்டார். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பரீட்சை இதுதான். ஏதாவது ஒரு நாட்டின் சனத்தொகை பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். எத்தனை பேர், என்ன மொழி, என்ன சமயம், என்ன தொழில். முடிவில் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி வாக்கியம் சரியாக அமைந்தால் அதற்குத் தனிப் புள்ளி.

இதைக் கேட்டதும் அக்காவின் புருசன், அத்தான், மேசையில் தட்டினார். உணவகச் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை செய்தவர். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் சட்டிக்குள் அடங்கும்.

"இஞ்சை பார். எல்லாரும் தங்கடை நாட்டைப் பற்றித்தான் சொல்லுவினம். நீ ரீச்சற்றை நாட்டைப் பற்றிச் சொல்லு. மனுசி உருகிப்போடும்."

"எனக்கு அந்த நாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாதே, அத்தான்."

"தெரிஞ்சதைச் சொல்ல உனக்கெதுக்குப் பரீட்சை? புத்தகத்தைப் பாத்துச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குக் கீழே பழைய புத்தகம் குவித்திருந்த இடத்தில் ஒரு தடித்த புவியியல் புத்தகம் அகப்பட்டது. நான் அரிவரி படித்த காலத்தில் அச்சானது. ருவாண்டாவுக்கு முழுதாக ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். கோப்பி, தேயிலை, வாழை, குன்றுகள். எல்லாரும் ஒரே மொழி. பெரும்பாலானோர் எங்களைப்போலக் கத்தோலிக்கர். அதற்குக் கீழே ஓர் அட்டவணை: ஹூட்டு, துட்சி, துவா என்று மூன்று இனங்கள், எதிரே நூற்றுவீதம்.

அந்த நாட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். சண்டை என்று ஏதோ கேள்விப்பட்டிருந்தேன். துட்சிகளை இலட்சக்கணக்கில் கொன்று குவித்தார்கள் என்பது தெரியாது. அது நடந்த மாதங்களில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். எங்களுடைய செய்தி முடியும்வரை சுற்றுவோம். "அடுத்து உலகச் செய்திகள்" என்றதும் கை ஓய்ந்துவிடும். அந்த மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தபோது நான் பெடலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். உண்மை அதுதான்.

இரண்டு வாரம் உயிரைக் கொடுத்துத் தயார் செய்தேன். பெரிய பிறிஸ்டல் போர்ட் மட்டை வாங்கி, சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் கீறினேன். ஹூட்டுவுக்குப் பச்சை. துட்சிக்குச் சிவப்பு. துவாவுக்கு மஞ்சள், அந்தத் துண்டு பென்சில் நுனியைவிட மெல்லியதாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் எண்பதை 'நாலு இருபது' என்று சொல்வது வேறு என் உயிரை வாங்கியது. ரயிலில் போகும்போது "கத்ர வான், கத்ர வான்" என்று செபமாலை உருட்டுவதுபோல முணுமுணுத்தேன். பக்கத்துச் சீட்டில் இருந்த கிழவி எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டா.

கேள்விக்கு மட்டும் மூன்று நாள். 'இனம்' என்ற சொல் என் வாயில் ஒழுங்காக வரவில்லை. அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். படத்தில் மூன்று நிறம் இருக்கிறதே, நிறத்தைக் கேட்டால் போயிற்று. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பரீட்சை நாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சுகியின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். எனக்கு முன் பெருவைச் சேர்ந்த ஒருவர் தன் நாட்டின் உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினார். பிறகு என் முறை. போர்டை நிமிர்த்தி "ருவாண்டா" என்று சொன்னேன். மதாம் ஒடெத் பேனாவை எடுத்தவர் அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார். (உருகத் தொடங்கிவிட்டா என்று நினைத்தேன்.)

கோப்பி சொன்னேன். தேயிலை சொன்னேன். குன்றுகளைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்ததை இப்போதும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பச்சையைத் தொட்டு நூற்றுவீதம், சிவப்பைத் தொட்டு நூற்றுவீதம். 'நாலு இருபது' பிசகாமல் வந்தது. கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவரை நேரே பார்த்துக் கேட்டேன்.

"த கெல் குலேர் எத் வூ, மதாம்?"

நீங்கள் எந்த நிறம், மதாம்?

பெருக்காரர் கன்னத்தில் கைவைத்தார். பின்வாங்கில் ஒரு சீனப் பெண் குனிந்துகொண்டாள். ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்து, சபையில், என்ன கேட்டுவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, கடவுளே! பதறிப்போய்க் கையை ஆட்டினேன்.

"இல்லை, இல்லை! தோல் இல்லை!" என்று பிரெஞ்சில் கத்தி, என் முழங்கையைத் தட்டிக்காட்டி, பிறகு படத்தை ஓங்கிக் குத்தினேன். "இது! இதில்! நீங்கள் பச்சையா, சிவப்பா?"

விளங்கப்படுத்திவிட்டேன் என்ற நிம்மதியில் நான் சிரித்தும் இருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும்.

மதாம் ஒடெத் எழுந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்கள் படம் பழையது" என்றார், வழக்கம்போல ஒவ்வொரு சொல்லாக. "இப்போது என் நாட்டில் கணக்கெடுக்க வருகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. அடையாள அட்டையிலும் அது இல்லை. முன்பு அட்டையில் இருந்தது. வீதியில் பரியேர் போட்டு, அட்டையைக் கேட்டார்கள்."

நிறுத்தினார். எங்களுக்கு விளங்கவில்லையோ என்ற சந்தேகம் அவருக்கு. சோக்கை எடுத்துப் பலகையில் 'பரியேர்' என்று எழுதி, கையைக் குறுக்கே நீட்டி வழி மறிப்பதுபோலக் காட்டினார். எல்லாரும் கொப்பியில் எழுதினார்கள். ஆண்பாலா பெண்பாலா என்று பெருக்காரர் கேட்டார். "பெண்பால்" என்று பதில் சொல்லிவிட்டு, அவர் தொடர்ந்தார்.

"அட்டையைப் பார்த்த பிறகு, சிலரைப் போகவிட்டார்கள். சிலரை விடவில்லை."

அந்த வகுப்பில் அந்தச் சொல்லை எழுதவேண்டிய தேவை இல்லாத ஒரே மாணவன் நான்தான். கொழும்பில் பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கி, அட்டையைத் திருப்பி, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் என்னை மட்டும் ஒருபக்கம் நிற்கச் சொன்ன ஆமிக்காரரை எனக்குத் தெரியும். சுகி வீதியின் மறுகரையில் நின்று அழுதாள். மூன்று நாள் கழித்து விட்டார்கள். அவர்கள் என்னிடம் முதலில் கேட்டதும் நீ எந்த இடம் என்றுதான். அதே கேள்வியைப் படம் கீறி, நிறம் அடித்து, புள்ளிக்காக நான் கேட்டிருக்கிறேன்.

"முவா ஓசி, மதாம்" என்றேன். எனக்கும்தான். "எங்கள் நாட்டிலும்... அட்டை... பரியேர்..." அதற்குமேல் எனக்குப் பிரெஞ்சு இல்லை. தமிழிலும் இருந்திருக்காது.

அவர் என்னைப் பார்த்தார்.

"அலோர், வூ சவியே" என்றார். அப்படியென்றால் உங்களுக்குத் தெரிந்திருந்தது.

போர்டைச் சுருட்டிக்கொண்டு போய் என் இடத்தில் இருந்தேன். சுகியின் விண்ணப்பம் போயிற்று என்று நினைத்தேன். அதைவிட, அந்த மனுசியை இப்படிப் பார்க்க வைத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது.

வீட்டுக்குப் போனால் அத்தான் வாசலிலேயே நிற்கிறார்.

"என்னெண்டு போச்சு? மனுசி உருகினவவோ?"

நடந்ததைச் சொன்னேன். நிறம் கேட்ட இடம் வந்ததும் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். "எட விசரா! தோல் இல்லையெண்டு முழங்கையைக் காட்டினனியோ?" மிச்சத்தை அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்ல வந்திருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரம் கொடுத்தார்கள். மன்னிப்புக் கேட்க நாலு வாக்கியம் பாடமாக்கிக்கொண்டு போனேன். முதலாவதையே பாதியில் விட்டுவிட்டேன். மதாம் ஒடெத் தாளை என் பக்கம் தள்ளினார். பாஸ். கேள்விக்குரிய இடத்தில் முழுப்புள்ளி, பக்கத்தில் 'இலக்கணம் சரி' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"ஏன், மதாம்?" என்று கேட்டுவிட்டேன். (என் வாய் அடங்குமா?)

"ஒவ்வொரு கட்டுரையிலும் 'என் மனைவி கொழும்பில் இருக்கிறாள்' என்று எழுதினீர்கள். அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எனக்குக் களைத்துவிட்டது. கூட்டிக்கொண்டு வாருங்கள்."

வேலை கிடைத்தது. ஒன்றரை வருடத்தில் சுகியும் வந்து சேர்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் 'சனத்தொகை'. பிறந்தநாள், கலியாணவீடு எங்கே போனாலும் அத்தான் முழங்கையைத் தட்டிக்காட்டி அந்தக் கதையை நடித்துக் காட்டுவார். "நான் ஆரையும் ஏதும் கேக்க வாயெடுத்தால் போதும், 'சனத்தொகை வெளிக்கிட்டிட்டார்' எண்டு கத்துதுகள்" என்று என் பிள்ளைகளைப் பற்றி நான் அக்காவிடம் முறையிடுவேன். அக்காவும் சிரிப்பா. நானும் சிரிப்பேன்.

அத்தானுக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. சுகியும் அதே வகுப்பில்தான் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் ஒருநாள் வகுப்பால் வந்தவள், குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள்.

"என்ன?"

"இண்டைக்கு இடைவேளைக்கை ரீச்சரும் நானும் தனிய இருந்து தேத்தண்ணி குடிச்சனாங்கள். தன்ரை வீட்டுக் கதை சொன்னவ. வீட்டிலை ஒன்பது பேராம். இப்ப தான் மட்டும்தானாம்."

என் வாய் திறந்தது. நான் எதைக் கேட்க வாயெடுத்தேன் என்று சுகிக்குத் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும், சத்தியமாக, பச்சையா சிவப்பா என்பதைத்தான் நான் கேட்க வாயெடுத்தேன்.

"கேக்காதேங்கோ. எனக்குத் தெரியாது. நான் அதைக் கேக்கேல்லை."

"பின்னை என்னத்தைக் கேட்டனீர்?"

"பேருகளைக் கேட்டன்" என்றாள் சுகி. "எட்டுப் பேற்றை பேரையும் சொன்னவ. கடைசித் தம்பியின்ரை பேர் எனக்குச் சொல்ல வரேல்லை. சரியா வரும்வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லித் தந்தவ."