காற்று இன்று குப்பனுடையது

"வாத்தியாரே, ஏரி கவுந்துகினு கீது," என்றான் வேலு.

காஜா மைதீன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பையன் சொன்னது உண்மைதான். சுவரில் விழுந்திருந்த படத்தில் ஏரி வானத்தில் இருந்தது, வானம் தரையில் கிடந்தது. ஒல்லாந்தர் கோட்டை தலைகீழாகத் தொங்க, அதன் கொடிமரம் மண்ணைக் குத்திக்கொண்டு நின்றது.

அவர் முன்னால் இருந்தது ஒரு தகரப் பெட்டி. உள்ளே விளக்கு, முன்னால் ஒரு குவி கண்ணாடி. நடுவில் படம் வரைந்த கண்ணாடிச் சில்லைச் செருகினால் படம் சுவரில் பெரிதாக விழும். கடல் தாண்டிப் பத்தாவிக்குப் போன கப்பல்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்து, ஒன்றரை வருஷம் காத்திருந்து வாங்கிய படவிளக்கு. அதை எப்படிச் செருக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

"அந்தக் கண்ணாடியத் தலகீழா சொருகிப் பாருங்க வாத்தியாரே," என்றாள் முனியம்மாள். கலாசாலையைப் பெருக்கி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றுபவள் அவள்தான். மீதி நேரத்தில் ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பாள்.

தலைகீழாகச் செருகியதும் ஏரி நேரானது. காஜா மைதீன் அதைத் தாமே கண்டுபிடித்ததுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அது மாலுமிக் கலாசாலை. கோட்டையின் பின்புறம், பழைய கிடங்கு ஒன்றில் நடந்தது. பதினாறு இளைஞர்கள் காற்று, நட்சத்திரம், ஆழம், நங்கூரம் என்று கப்பல் ஓட்டும் கலையைப் படித்தார்கள். படித்தார்கள் என்பது வாத்தியாரின் நம்பிக்கை. நாகப்பட்டினத்திலிருந்து ஒல்லாந்து அதிகாரி ஹெந்திரிக் துரை பத்து நாளில் சோதனைக்கு வருவதாகவும், மாணவர்கள் பதில் சொல்லாவிட்டால் கலாசாலையை மூடிவிட்டு வாத்தியாரைத் துணிக்கிடங்குக்கு மாற்றுவதாகவும் கடிதம் வந்திருந்தது.

துணிக்கிடங்கு நல்ல இடம்தான். ஆனால் அதன் தலைவன் மக்பூல். காஜா மைதீனின் மனைவி மெஹருன்னிசாவுக்குத் தம்பி. கல்யாணத்தன்று சபை நடுவில், "மாப்பிள்ளைக்கு வாய்தான் கப்பல் ஓட்டுது," என்று சொன்ன ஆள். கடிதச் செய்தி தெரிந்ததும் அவன் அக்காவிடம் வந்து, மச்சானை வாசல் பக்கம் உட்காரவைக்கலாம், அங்கே காற்று நன்றாக வரும் என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனான். அந்த அன்பை நினைத்தாலே காஜா மைதீனுக்குச் சோறு இறங்கவில்லை.

படவிளக்கு எரிய வேண்டுமானால் சன்னலை அடைக்க வேண்டும். அடைத்ததும் பாதிப் பேர் தூங்கினார்கள். கேள்வி கேட்டால் மீதிப் பேர் ஒரே குரலில் கத்தினார்கள். ஒருவன் தெரிந்து சொல்வான், மற்றவர்கள் அரை மூச்சு தாமதித்து அதையே சொல்வார்கள். இருட்டில் அந்த ஒருவன் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டு நாள் யோசித்து காஜா மைதீன் ஒரு புது முறை கண்டார். இரண்டு பானை. ஒன்றில் மாணவர்களின் பெயர் எழுதிய ஓலை நறுக்குகள், மற்றதில் பாடங்களின் பெயர்கள். குலுக்கி எடுத்தால் இன்று நட்சத்திரம் இவனுக்கு, காற்று அவனுக்கு. நாளைக்குப் பாடங்கள் ஒரு ஆள் தள்ளிப் போகும். யாருக்கு விழுந்ததோ அவன் மட்டுமே பதில் சொல்ல வேண்டும், அதுவும் மணற்கடிகையில் மணல் இறங்கி முடிவதற்குள்.

"நானுந்தான் தெனம் வர்றேன்," என்று முனியம்மாள் தன் பெயரையும் போடச் சொன்னாள். வாத்தியார் சிரித்துக்கொண்டே போட்டார். பெயர் பதினேழு ஆகிவிட்டதால் பாடத்தில் ஒன்று குறைந்தது. 'விளக்கு' என்று ஒரு நறுக்கு எழுதிப் போட்டுக் கணக்கைச் சரிசெய்தார்.

இது உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று அவர் நம்பினார். பாவம், அவருடையது மரக்கல வியாபாரிகளின் வம்சம். மலாக்காவுக்கும் பத்தாவிக்கும் போய் வந்தவர்கள், ஆனால் பக்கத்து ஏரியில் கணுக்கால் நனைத்தவர்கள் இல்லை. மாணவர்களின் ஊரான கோட்டைக்குப்பத்தில் மீன் விழும் இடங்களை இப்படித்தான் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதற்குப் பாடு என்று பெயர். இன்று இந்த இடம் ஒருவன் பாடு என்றால், அவன் வந்தாலும் வராவிட்டாலும் வேறு யாரும் அங்கே வலை போட மாட்டார்கள்.

பானையைப் பார்த்ததும் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கலாசாலை என்றால் என்ன என்று அவர்களுக்கு அன்றுதான் புரிந்தது. குப்பன் தனக்கு விழுந்த நறுக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மூன்று நாள் சொர்க்கம். யாரும் தூங்கவில்லை, யாரும் தாமதமாக வரவில்லை. நான்காம் நாள் ஆழம் ஞானதாஸுக்கு, ஞானதாஸுக்குக் காய்ச்சல். காஜா மைதீன் ஆழத்தைப் பற்றி வேலுவிடம் ஒரு கேள்வி கேட்டார். வேலு கூரையைப் பார்த்தான்.

"தெரியலியாடா?"

"தெரியும் வாத்தியாரே. ஆனா அது ஞானதாஸ் பாடு. அவன் இல்லாதப்ப நாங்க கைய வெச்சா ஊர்ல எங்கள சேத்துக்க மாட்டாங்க."

அறிவு என்பது மீன் இல்லை, ஒருவன் எடுத்தால் இன்னொருவனுக்குக் குறையாது என்று வாத்தியார் நெடுநேரம் விளக்கினார். மீன் இல்லைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பதில் மட்டும் வரவில்லை.

சரி, வர முடியாதவன் தன் பாட்டை வேறொருவனுக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம் என்று அவர் விதியைத் தளர்த்தினார். அங்கேதான் வினை பிடித்தது. மறுநாளே நட்சத்திரம் ஒரு கூடை நண்டுக்குக் கைமாறியது. நங்கூரமும் பாய்மரமும் சேர்த்து ஒரு பழைய வலைக்குப் போயின. ஒருவன் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்து காற்று வாங்கினான். நங்கூரக் கயிற்றில் முடிச்சுப் போடுவது எப்படி என்று வாத்தியார் கேட்ட கேள்வி நங்கூரக்காரனுக்கா முடிச்சுக்காரனுக்கா என்று சண்டை வந்து, ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். எல்லையில் நின்று கேள்வி கேட்டது வாத்தியாரின் தப்பு என்று தீர்ப்பு. நூறு வெற்றிலை அபராதம் கட்டினார் காஜா மைதீன்.

அந்த நிலையில் ஹெந்திரிக் துரை இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார்.

நல்ல உயரம், நல்ல கோபம். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடந்ததால் அவருடைய கப்பல் வெளியிலேயே காற்றுக்காக ஒரு பகலும் ஒரு இரவும் ஆடிக்கொண்டு நின்றிருந்தது. குடல் வெளியே வந்துவிட்டது என்று இறங்கியதும் சொன்னார். ஆகவே அவர் மனதில் வேறு பாடமே இல்லை. கேட்டதெல்லாம் காற்று, காற்று, காற்று.

காற்று அன்று குப்பனுடையது. குப்பன் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு எளாவூர் போயிருந்தான்.

முகத்துவாரத்தை மணல் மூடுவது எந்தக் காற்றில் என்று துரை கேட்டார். ஒல்லாந்து பாஷை தெரிந்த காஜா மைதீன் அதைத் தமிழில் சொல்லி, கடிகையைக் கவிழ்த்து வைத்தார். மணல் இறங்கியது. பதினைந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். மாணவர்கள் ஆழ்ந்து யோசிக்கிறார்கள் என்று துரையிடம் சொன்னார். இரண்டாவது கேள்விக்கும் யோசித்தார்கள். மூன்றாவதற்கு துரையும் கூரையைப் பார்த்தார், அங்கே என்ன இருக்கிறது என்று.

காஜா மைதீன் சிரித்த முகம் மாறாமல், "டேய், யாராவது வாயத் தொறங்கடா. நான் மக்பூல் வாசப்படில போய் உக்காரணுமா?" என்று தமிழில் கெஞ்சினார்.

வேலுவின் கண் கலங்கிவிட்டது. "உசுரு வேணும்னாலும் குடுப்போம் வாத்தியாரே. குப்பன் பாட்ட எடுக்கச் சொல்லாதீங்க."

கடைசி முயற்சியாக அவர் சன்னலை அடைத்துப் படவிளக்கை ஏற்றச் சொன்னார். சுவரில் முகத்துவாரம் விழுந்தது, இந்த முறை நேராக. துரை சற்று அசந்துதான் போனார். ஆனாலும் அதே கேள்வியைத்தான் திரும்பக் கேட்டார்.

"தென்காத்துல மூடும்," என்றது விளக்குக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "ஐப்பசில வாடை எறங்கி, மழத்தண்ணி வந்து ஏரி ரொம்பினா, தானா ஒடச்சிகினு போவும். அதுக்கு முன்னாடி கப்பலக் கொணாந்தா வெளிய நின்னு ஆட வேண்டிதான்."

முனியம்மாள். அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்க, காஜா மைதீன் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தார். துரை அடுத்த கேள்வி கேட்டார். அவள் சொன்னாள். அதற்கடுத்ததும் சொன்னாள். ஒன்பது கேள்விக்கும் மணல் பாதி இறங்குவதற்குள் பதில் வந்தது.

"நீ எப்படி முனியம்மா?" என்றார் காஜா மைதீன், குரலைத் தாழ்த்தி.

"குப்பன் ஊருக்குப் போறப்ப எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனான். நீங்க பசங்க மொகத்தையே பாத்துகினு இருந்தீங்க, என்னைக் கேக்கவே இல்லியே. தெனம் கண்ணாடி தொடைக்கிறேன், படம் பாக்குறேன். மீதி கால்ல தட்டுப்படுற மணலு சொல்லிக் குடுக்குது."

இவள் யார் என்று துரை கேட்டார். மறைக்க வழியில்லை. இங்கே பெருக்குகிறவள் என்று சொன்னார். கப்பலில் ஏறியதிலிருந்து முதல் முறையாக துரை சிரித்தார். பெருக்க வருகிறவளைக்கூட மாலுமியாக்கும் முறை எது என்று விசாரித்தார். காஜா மைதீன் இரண்டு பானையையும் கொண்டுவந்து வைத்து, குலுக்குவது முதல் கைமாற்றுவது வரை நிதானமாக விளக்கினார். முனியம்மாளின் பெயரைத் தாம்தான் போட்டதாகவும் சொன்னார், அது பொய்யில்லை. மாணவர்களின் மௌனம் கட்டுப்பாடு என்று துரைக்கு விளங்கியது. மற்ற ஊர்க் கலாசாலைகளில் இப்படிக் கட்டுப்பாட்டைக் கண்டதே இல்லை என்று வாத்தியாரின் தோளைத் தட்டினார். பானைகளை ஒரு நாள் இரவல் கேட்டார். காஜா மைதீன் தாமே சுமந்துபோய்க் கோட்டைக்குள் வைத்துவிட்டு வந்தார்.

அன்று வீட்டில் மக்பூல் சாப்பிட வந்திருந்தான். காஜா மைதீன் துரை தோளைத் தட்டிய கதையை மூன்று தரம் சொன்னார். வாசல் பக்கத்து இடத்தில் இனித் துணிமூட்டை அடுக்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மக்பூல் தலையைக் குனிந்து மீன்முள்ளைப் பார்த்தபடி சாப்பிட்டான். இத்தனை வருஷத்தில் காஜா மைதீன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

காலையில் வெளுத்த அங்கி போட்டுக்கொண்டு கலாசாலைக்குப் போனார். மாணவர்கள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள், குப்பனும் எளாவூரிலிருந்து வந்துவிட்டிருந்தான். அவரைக் கண்டதும் பதினாறு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அவருடைய மணைக்குப் பக்கத்தில் மணற்கடிகையைத் துடைத்துக்கொண்டிருந்த முனியம்மாள் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"துரை நேத்து கோட்டையில வேல செய்றவங்க எல்லாரு பேரையும் வேலையையும் உங்க ரெண்டு பானையில போட்டு குலுக்கிட்டாரு வாத்தியாரே. கலாசாலை எனக்கு வுழுந்துட்ச்சு, உங்களுக்குத் துணிக்கெடங்கு, மக்பூல் பாய் வாசப் பக்கம் எடம் பெருக்கி வெச்சிகினு காத்துகினு கீறாரு."