திரும்பிக்கொண்டே போன கழுத்து

உயிரே போனாலும் கோவிலம்பாக்கத்துக்குக் குடிபோவதில்லை என்று மெர்வின் தீர்மானம் செய்தான். மனசுக்குள்தான் செய்தான். வாயைத் திறந்து சொல்லும் தீர்மானங்களை அந்த வீட்டில் அவன் மனைவி பியூலாதான் செய்வாள்.

இரும்புலியூரில் அவனுக்குக் கீழே போட்டோ ஸ்டூடியோ, மேலே வீடு. ஒன்பது மணிக்கு எழுந்து லுங்கியோடு படி இறங்கினால் வேலைக்கு வந்தாயிற்று. பியூலா ஆசைப்பட்ட இடமோ கோவிலம்பாக்கத்தில் அவள் அண்ணன் ஜெரோம் வீட்டு மேல்மாடி. ஜெரோம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். விடியற்காலையில் விசில் ஊதித் தன் மனைவியையே மொட்டை மாடியில் ஓடவிடுகிற ஆள். "மாப்ள வயித்த ஒரு மாசம் என்கிட்ட விடும்மா" என்று தங்கையிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

மேல்மாடியைப் படம் எடுத்து ஜெரோம் வாட்ஸப்பில் அனுப்பியபோது மெர்வினுக்கு யோசனை பிறந்தது. ஊரில் உள்ள கன்னத்தையெல்லாம் இழைத்து, தொந்தியையெல்லாம் உள்ளே தள்ளி, பாஸ்போர்ட் சைஸில் அழகாக்கிக் கொடுக்கிறவன். அழகாக்கத் தெரிந்தவனுக்கு அகோரமாக்கத் தெரியாதா?

கம்ப்யூட்டரில் பழைய கல்யாண ஃபைல் ஒன்றைத் திறந்து, கூட்டத்தில் முதுகு காட்டி நின்ற யாரோ ஒரு பெண்ணை வெட்டி எடுத்தான். அவள் மேல் கட்டம் கட்டமாகக் கோடுகள் விரிந்தன. ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான், இடுப்பு ஒடிந்தது. சுழற்றுகிற டூலைத் தலைமேல் வைத்து மவுஸை அழுத்திப் பிடித்தான். கொண்டை சுழன்றது. தோளும் கூடவே போயிற்று. பிழிந்த ஈரத்துணி மாதிரி உடம்பு முறுக்கிக்கொண்டது. மங்கலாக்கி, மேல்மாடி ஜன்னலுக்குள் நிறுத்தினான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், செய்தவனுக்கே குப்பென்று வேர்த்தது.

"பியூலா, இத கொஞ்சம் பாரேன். உங்கண்ணன் வீட்டு ஜன்னல்ல..."

அவள் ஃபோனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாருங்க இது?"

"யாருன்னா? மனுஷங்க நிக்கற மாதிரியா நிக்குது? பூட்டிக் கெடக்கற மாடின்னு அவர்தானே சொன்னாரு?"

"இயேசப்பா! உங்களுக்கு பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்? உனக்காகத்தான் சொல்றேன்."

"சரிங்க. அப்ப வேணாம்."

கல்யாணமான நாள் முதல் அவள் இப்படி ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டதில்லை. மெர்வின் பயந்திருக்க வேண்டியது அதற்குத்தான். பயப்படாமல் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

மறுநாள் பல் தேய்த்துக்கொண்டே ஹாலுக்கு வந்தவன் அப்படியே நின்றான். சுவரில் அவர்கள் கல்யாணப் படம். மாதா கோவில் தூணுக்கு முன்னால் கோட்டும் டையுமாக அவன், பக்கத்தில் பியூலா. கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த மெர்வின், இன்று சற்றே ஓரமாகப் பார்த்தான்.

"பியூலா! இதுல நான் நேராத்தானே பாத்துட்டு இருந்தேன்?"

"எப்பவும் இப்படித்தானே இருக்கீங்க."

"கழுத்து கோணலா இருக்கே?"

"கல்யாணத்தன்னிக்கே கோணல்தான். எங்கம்மா அப்பவே சொன்னாங்க."

அடுத்த நாள் கழுத்து இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தது. அதற்கடுத்த நாள் முகவாய் தோளைத் தொட்டது. பியூலாவின் சிரிப்பு மட்டும் மாறவே இல்லை. மெர்வின் தொழில்காரன் அல்லவா, நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தான். படத்தை வளைத்தால் பின்னால் இருக்கிற நேர்கோடும் வளையும். திருட்டைக் காட்டிக்கொடுப்பது அதுதான். மாதா கோவில் தூணோ நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது.

கீழே ஓடி சிஸ்டத்தில் ஒரிஜினலைத் திறந்தான். அதிலும் கழுத்து திரும்பியிருந்தது. பியூலாவைச் சந்தேகப்பட வழியில்லை. பிரிண்ட் எடுத்து, வெட்டி, கவரில் போடுவது அவள் வேலை. அந்த ஒரு பட்டனைத் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவனுடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை படத்தில் அவனுக்கு முகமே இல்லை. கோட்டும் டையும் முன்னால் பார்த்தன. தலை பின்னால் பார்த்தது. அவன் அப்படி என்னத்தைப் பார்க்கிறான்? மெர்வின் மெதுவாகத் தானும் திரும்பிப் பார்த்தான். காலி நாற்காலி. ஆடிக்கொண்டிருந்த திரைச்சீலை. ஃபேன் ஓடவில்லை.

"பியூலா! இந்த வீடு வேணாம். கோவிலம்பாக்கமே போயிடலாம்!"

"அங்க ஒருத்தி முறுக்கிட்டு நிக்கறாளே?"

"அவள நான்தாண்டி முறுக்கினேன்!"

பியூலா அசரவில்லை. "தெரியும். மாம்பழக் கலர், பச்சைக் கரை. உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நான் கட்டின புடவை. எத்தன சுத்து சுத்தினாலும் கட்டினவளுக்குத் தெரியாதா? கூட்டத்துல பொண்டாட்டி முதுகு எதுன்னு தெரியாத ஆளு, பேய் செய்ய வந்துட்டீங்க!"

"அப்ப என் கழுத்து..."

"நான்தான். நீங்க எந்திரிக்கறதுக்குள்ள ஒரிஜினல்லயே மாத்தி, தினம் ஒரு பிரிண்ட்."

"தூண் எப்படி வளையல?"

"அதத் தனியா வெட்டி எடுத்து மேல வச்சேன். உங்க பின்னாடி நின்னு பாத்துப் பாத்துக் கத்துகிட்டதுதான்."

மெர்வினுக்குப் போன உயிர் வந்தது. கூடவே வீரமும் வந்தது.

"அப்ப இந்த வீட்ல ஒரு கோளாறும் இல்ல! எதுக்கு கோவிலம்பாக்கம்? போறதில்ல. முடிஞ்சுது பேச்சு!"

"சரிங்க, வேணாம்" என்றாள் அவள், முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தபடி. பிறகு துடைப்பதை நிறுத்தினாள். "ஆமா, கழுத்துதான் நான் பண்ணது. தோள்ல இருக்கற இந்தக் கை நீங்க போட்டதுதானே?"

மெர்வின் கிட்டே போனான். கோட்டின் தோளில் பின்னாலிருந்து நாலு விரல்கள் எட்டிப் பார்த்தன. நீள நீளமான விரல்கள். மடிய வேண்டிய இடத்தைத் தாண்டி, மடியக் கூடாத இடத்திலும் மடிந்திருந்தன.

"நீ... நீதானே போட்டே?"

"இருக்கலாம்."

"விளையாடாத பியூலா."

"சந்தேகமா இருந்தா நீங்க இங்கயே இருந்து நிதானமா கண்டுபிடிங்க. நான் மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

மறுநாளே சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்து நின்றது. கேஸ் சிலிண்டர் ஏறுவதற்கு முன்னாலேயே மெர்வின் ஏறி உட்கார்ந்துகொண்டான்.