பூட்டு சாரும் கழலாத பிளக்கும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கம்பெனி ஏறி இறங்கினாலும், கூட நிற்பவனை இவ்வளவு கூச வைக்கும் இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். எங்கள் பூட்டு சாரைச் சொல்கிறேன்.

நோயாளிக்கு மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றும் மெஷின் செய்கிற கம்பெனி எங்களுடையது. அதற்கு எந்த பிளக், எந்த சாக்கெட் என்று முடிவு செய்பவர் சார். அவருக்குக் கீழே நான். கண்டவன் கண்டதைச் செருகிக் கெடுத்துவிடுவான் என்பது அவருடைய ஓயாத பயம்; அதனால்தான் பூட்டு சார் என்று பெயர். சுங்குவார்சத்திரத்து டீக்கடையில் காலி சாக்கெட்டைப் பார்த்தால்கூட டேப் ஒட்டுவார். "இன்னா சார், கரண்டு உன் வூட்டுதா?" என்று கடைக்காரர் கத்துவார். நான் அடுத்த கடை வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியில், எங்கள் மெஷினில் பழுது பார்ப்பவர்களுக்கென்று வைத்திருந்த சாக்கெட்டில் நோயாளியின் மச்சான் செல்போனைச் சார்ஜ் போட, மெஷின் நின்றுவிட்டது. நல்லவேளை, நர்ஸ் பார்த்துவிட்டார். சார் அன்று சாப்பிடவே இல்லை. மெஷினில் இருந்த எல்லா சாக்கெட்டையும் மாற்றினார். உள்ளே கோணல்மாணலாக ஊசிகள், மேலே திருகு வளையம். கடையில் விற்கும் எந்த வயரும் நுழையாது.

வாங்க வந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அதைக் காட்டும் நாள். ஆர்டர் கிடைக்காவிட்டால் எங்கள் லைனையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. சார் செல்போன் சார்ஜரை நீட்டி, "யார் வேணா மாட்டுங்க, பாக்கலாம்!" என்றார். யாராலும் முடியவில்லை. அவரே கைதட்டிக்கொண்டார்.

கூட வந்த ஹெட் நர்ஸ் ஒரு ஜோடி கையுறையை நீட்டினார். "மாட்றது இருக்கட்டும் சார். பேஷண்ட்ட அவசரமா வேற வார்டுக்குத் தள்ளிக்கினு போவணும். இதப் போட்டுக்கினு கரண்டு வயரக் கழட்டுங்க."

சார் திருகினார். வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். மெஷின்தான் மேஜையோடு நகர்ந்து வந்தது, பிளக் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை, அதுதான் கொடுமை. மானேஜர் தன் ஷூவைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சார் கையுறையோடு கும்பிட்டார். "தப்பு என்னுது சிஸ்டர். வெளியாளுக்குனு பூட்டி, உங்களயும் சேத்துப் பூட்டிட்டேன். கொஞ்சம் டைம் குடுங்க."

அதன்பிறகு கையுறையைக் கழற்றவே இல்லை. கேன்டீனில் சாம்பார் சாதமும் அதோடுதான். கம்பெனி பஸ்ஸில் மடி நிறைய பிளக்குகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். பக்கத்து சீட்டில் நான் தூங்குவதுபோல் நடிப்பேன். கடைசியில் கரண்டு வயருக்கு, கழுத்தைப் பிடித்து இழுத்தாலே கழன்று வரும் பிளக். பழுது பார்க்கும் சாக்கெட்டுக்கு மட்டும் அந்தக் கோணல் ஊசிகளும் திருகும். ஹெட் நர்ஸ் மறுபடி வந்து, கையுறையோடு ஒரே இழுப்பில் கழற்றினார். ஆர்டர் கிடைத்தது.

போன மாதம் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி, அப்பாவுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மெஷினில் சார்ஜரைக் குத்திக் குத்திப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"இன்னாபா இது, ஒண்ணும் பூர மாட்டேங்குது? எவன் செஞ்சான் இத?"

"எங்க சார்" என்றேன்.